வெளிமான் காட்டில் நடப்பதற்கு முன்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மலையேற்றத்துக்கென்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. நீலகிரி, கோவை, தேனி, தென்காசி, விருதுநகர், திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மொத்தம் 14 மாவட்டங்கள். ஒவ்வொரு பாதைக்கும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், முன்பதிவு, கட்டணம், எளிது கடினம் என்ற தரவரிசை எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் தூத்துக்குடி மாவட்டம் இல்லை. கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இது ஆச்சரியமாகக்கூட இருக்காது. நமக்குக் காடு என்றால் பருத்திக்காடு, உளுந்துக்காடு. மரம் அடர்ந்த வனம் பார்க்க வேண்டும் என்றால் மேற்கே போக வேண்டும் என்றே வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் நம் பக்கமும் வனம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற நெடுஞ்சாலையில் 18 கிலோமீட்டர் தொலைவில் வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1987-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். ஒற்றை மலையும் அதன் அடிவாரத்து முள்ளுக்காடும்தான் மொத்தமும். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இது. கோவில்பட்டிக்கு இன்னும் அருகில் குருமலை காப்புக்காடு. அங்கே புள்ளிமான்கள் உண்டு. சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகளைக் கேட்டால் அந்த மான்கள் என்னென்ன பயிரைத் தின்கின்றன என்று வரிசையாகச் சொல்வார்கள். கழுகுமலையில் காப்புக்காடு இல்லாவிட்டாலும், வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்க்கப் பாறையேறுகிற கூட்டம் ஆண்டு முழுக்க உண்டு.

இந்த இடங்களுக்கு இப்போது ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பறவை பார்க்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் கிளம்பும் நண்பர் கூட்டம், குடும்பத்தோடு வருகிறவர்கள். வரட்டும். சொந்த மண்ணின் காட்டை நடந்து பார்ப்பதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை எது? என் கவலை வேறு. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே நினைப்போடு வருகிறார்கள்: யானை இல்லை, புலி இல்லை, ஆயிரம் அடி உயரம்கூட இல்லை, இதில் பயப்பட என்ன இருக்கிறது? குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர், காலில் ரப்பர் செருப்பு, கையில் செல்போன். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறபோது இருக்கிற எச்சரிக்கையில் பாதிகூட இங்கே இருப்பதில்லை. முள்ளுக்காடு ஆளைக் கொல்வது இந்த நினைப்பின் வழியாகத்தான்.

நிழல் இல்லாத மலை

மேற்கு மலையில் நடக்கிறவருக்கு மரக்கூரை இருக்கிறது, ஓடை இருக்கிறது, ஏற ஏறக் குளிர்கிறது. வல்லநாட்டில் இந்த மூன்றும் இல்லை. அங்கிருப்பது உடைமரமும் விடத்தலையும் களாப்புதரும். உடைமரம் குடைபோல விரிந்து நிற்கும். அதன் நிழல் ஆட்டுக்குட்டி படுக்கத்தான் காணும். மலையின் பாறையும் சரளையும் காலை ஒன்பது மணிக்கே சூடேறத் தொடங்கி, மேலே சூரியனும் கீழே கல்லுமாக இரண்டு பக்கமும் ஆளை வாட்டும். கரிசல் சீமையின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்து முடிந்துவிடும். தை கடந்தால் ஓடைகளில் மணல்தான். ஆகவே உள்ளே தண்ணீர் கிடைக்கும் என்ற கணக்கே வேண்டாம். எவ்வளவு குடிக்கப் போகிறோமோ அவ்வளவையும் சுமந்துதான் போக வேண்டும். அரை நாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் என்பது குறைந்தபட்சம். பாதித் தண்ணீர் தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று நினைப்பவர்தான் மயங்கி விழுகிறார்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அந்த அறிவிப்பில் வந்தது. வெயில் என்பது சும்மா தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தில் இருந்து அரசே வெளியே வந்துவிட்டது. நடக்கிறவர்களும் வர வேண்டும்.

உடம்பு முதலில் சின்னதாகத்தான் சொல்லும். கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி, குமட்டல், எரிச்சலான பேச்சு. கூட வருகிறவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, தோல் கொதித்தாலோ, அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. அங்கேயே உட்கார வைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் போட்டு, விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குக் கணக்கு எளிது: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வீட்டிலேயே கரைத்து எடுத்துப் போகலாம். உப்புப் போட்ட நீர்மோரும் நீச்சத்தண்ணியும் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்து வந்தவைதான். தின்ன, கோவில்பட்டிக் கடலைமிட்டாயைவிட நல்ல சாமான் இல்லை. நிலக்கடலையின் கொழுப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் சேர்ந்து நடைக்கு நின்று கொடுக்கும், வெயிலில் கெட்டுப்போகாது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அதன் உறை மட்டும் காட்டில் விழக் கூடாது.

எப்போது நடப்பது? கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசித் தொடக்கம் வரை. அந்த மாதங்களிலும் விடிந்தபின் நுழைந்து, பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. பங்குனி, சித்திரையில் அந்த மலையில் ஏறாதீர்கள். எவ்வளவு பழகிய ஆளாக இருந்தாலும் சரி.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. அரைக்கால் சட்டையும் கை இல்லாத பனியனும் இந்தக் காட்டுக்கு ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையும் வேண்டும். தலையில் ஈரத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்ளலாம். ஆடு மேய்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். அவர்கள் நாள் முழுக்க அங்கே இருப்பவர்கள், அவர்களுக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும்? காலுக்கு, தடித்த அடியுள்ள ஷூ. உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறி ஒடிந்துகொள்ளும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் டயர் செருப்பு போட்டதற்குக் காரணம் இந்த முள்தான்.

காட்டை விட ஆபத்தான எல்லை

முள்ளுக்காட்டில் இருந்து விளைநிலத்துக்குள் எப்போது நுழைந்தோம் என்று நடக்கிறவருக்குத் தெரியாது. சுவர் கிடையாது. புதர் குறைந்து வருகிற இடத்தில் மக்காச்சோளம் நிற்கும். நடைக்கு நல்ல பருவம் என்று மேலே சொன்ன மார்கழியும் தையும்தான் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் முற்றுகிற காலம். அப்போது காட்டுப்பன்றியும் மானும் மயிலும் வயலுக்குள் இறங்கும். ஆண்டு முழுக்க ஒரே போகத்தை நம்பி இருக்கிற சம்சாரி, விடிய விடியக் காவல் இருப்பார். சிலர் வேலி போடுகிறார்கள். சூரிய சக்தியில் விட்டு விட்டுத் துடிப்பாகப் பாயும் மின்வேலி அதிர்ச்சி தரும், உயிரை எடுக்காது. வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ நேராகக் கம்பியில் கரண்ட் கொடுப்பது சட்டவிரோதம். அதில் பன்றியும் சாகும், மனிதரும் சாவார். யானை உள்ள பகுதிகளில் யானைகள் செத்ததும் இப்படித்தான். மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு அரசு 2023-ல் தனி விதிகளே கொண்டுவந்தது.

எனவே விடிவதற்கு முன் இருட்டில் வயலை ஊடறுத்துக் காட்டுக்குள் போகிற குறுக்குவழி கூடவே கூடாது. முழங்கால் உயரத்தில் ஓடுகிற மெல்லிய கம்பி டார்ச் வெளிச்சத்திலும் தெரியாது. வண்டிப்பாதை வழியாகப் போங்கள், வயலில் ஆள் இருந்தால் குரல் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பயிருக்கு இது மரியாதை, உயிரோடு திரும்புவதற்கு இது வழி.

அந்த எல்லையில் இன்னொன்றும் இருக்கிறது. கைவிட்ட கிணறு. தரைமட்டத்தில், சுற்றுச்சுவர் இல்லாமல், வாயைச் சுற்றிக் கருவேலம் வளர்ந்து மூடி இருக்கும். கல்குவாரிப் பள்ளங்களும் அப்படியே. மழைக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் நிரம்பி அழகாகத் தெரியும். குளிக்க இறங்கினால் கால் ஊன்ற இடமிருக்காது, ஏறப் படியிருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் குவாரிக் குட்டையில் மூழ்குகிறார்கள். போட்டோ எடுக்கப் பின்னால் நகர்கிறவர் கிணற்றுக்குள் போவதும் நடக்கக்கூடியதே. ஒற்றையடிப் பாதை எங்கே போகிறதோ அங்கே நடங்கள். ஆடும் ஆளும் நடந்து பழகிய தடம் கிணற்றைச் சுற்றித்தான் போகும்.

மழை பெய்த மறுநாள் கரிசலில் நடக்காதிருப்பது இன்னொரு நல்ல பழக்கம். காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் எடை கூடும், கணுக்கால் பிசகும். கோடையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்து நிற்கும். அந்த வெடிப்புகளில்தான் தேளும் பாம்பும் வெயிலுக்கு ஒதுங்கும்.

சுருட்டை இருக்கும் கல்

பாம்பைப் பற்றிய பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அறிவு குறைவாக இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது; ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தவர். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பது இனித்தான் ஒழுங்காகத் தெரியவரும். விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதியைத் தந்துவருவது, 1978-ல் தொடங்கப்பட்டு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கோவில்பட்டி மருத்துவமனையில் ஊசி போட்டுப் பிழைக்கிறவரும் அந்த இருளர்களின் கைவேலைக்குக் கடன்பட்டவர்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு விஷப்பாம்புகளில், முள்ளும் கல்லுமான வறண்ட நிலத்துக்குரியது சுருட்டைவிரியன். முழ நீளம்தான் இருக்கும். கல்லுக்கடியில், சருகில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அருகில் போனால் உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசி, அரம் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். அது எச்சரிக்கை. சத்தம் கேட்டதும் நின்று, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, பின்வாங்கினால் கடி இல்லை. காதில் இயர்போன் மாட்டியவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்கக் கூடாது. உட்காரும் முன் கம்பால் கல்லைத் தட்டிவிட்டு உட்கார வேண்டும். கம்பு இல்லாமல் முள்ளுக்காட்டுக்குப் போகாதீர்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். கடிபட்டவரை உட்கார வைத்து, பயப்படாதீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கடிபட்ட கை அல்லது காலை ஒரு கம்போடு சேர்த்துத் துணியால் அசையாதபடி கட்டுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி, இறுக்காமல். மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், வீங்கும். இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எல்லாம் நேரத்தையும் காலையும் இழக்கச் செய்கிற வேலைகள். சினிமா பார்த்துக் கற்ற வைத்தியத்தை அங்கே செய்யாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வந்து, தனியார் ஆஸ்பத்திரி தேடி அலையாமல், நேராகப் பெரிய அரசு மருத்துவமனை: வல்லநாட்டிலிருந்து என்றால் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி, குருமலையிலிருந்து என்றால் கோவில்பட்டி. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. நான்குக்கும் ஒரே மருந்துதான். சுருட்டை, கண்ணாடிவிரியன் கடியா என்று பார்க்க மருத்துவர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. இந்தச் சோதனை நடக்கும்போது சும்மா காக்க வைக்கிறார்கள் என்று சத்தம் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. ஓடாதீர்கள்.

பாறையில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அதற்குக் கீழே நிற்கக்கூட வேண்டாம். வாசனைத் தைலம், பீடிப் புகை, கல்லெறி மூன்றும் அதைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் அடிக்காமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுவதைத் தவிர வழி இல்லை.

இடிமின்னலையும் இங்கே சொல்லியாக வேண்டும். சித்திரைக் கோடைமழையிலும் ஐப்பசியிலும் கரிசல் வெளியில் ஒற்றையாக நிற்கிற பனையும் ஆளும் மின்னலுக்குச் சமம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உச்சியிலிருந்து இறங்க வேண்டும். மரத்தடிக்குப் போகக் கூடாது. தாமினி என்ற மத்திய அரசுச் செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

குரங்கணி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு. ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். சரிவு. பிற்பகல் காற்று. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மீட்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது. அனுமதி வாங்கிய பாதை வேறு, போன பாதை வேறு என்று வனத்துறை அப்போது சொன்னது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கான தனி விதிகளைத் தமிழ்நாடு வகுத்தது. இப்போது பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவம் என்று மலையேற்றப் பாதைகள் மூடப்படுவது அந்த மரணங்களின் தொடர்ச்சி.

இதை ஏன் கரிசல் கட்டுரையில் எழுதுகிறேன்? குரங்கணியில் எரிந்தது பெருமரக் காடு இல்லை; புல். வல்லநாட்டிலும் குருமலையிலும் மாசி பிறந்ததும் நிற்பது அதே காய்ந்த புல். நாம் வேறு தீப்பெட்டி ஊர்க்காரர்கள். குச்சியை உரசி எறிவது நம் கைக்குப் பழகிய காரியம். சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி குற்றம். பீடியும் சிகரெட்டும் டீ போடுகிற அடுப்பும் அதில் அடங்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். முன்னே இருக்கிற புல்லைத் தன் சூட்டால் காயவைத்துக்கொண்டே போவதால் மனிதர் ஏறும் வேகத்தை அது எளிதாக முந்திவிடும். கீழே புகை தெரிந்தால் உச்சிக்கு ஓடுவது தவறு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தீயின் பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ, ஓடை மணலுக்கோ போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உடம்பில் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடை என்று மேலே சொன்னதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை.

மானின் கணக்கு

இதுவரை சொன்னது நம் உயிரைப் பற்றி. வல்லநாட்டைச் சரணாலயமாக்கியது நமக்காக இல்லை.

வெளிமானைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வளர்ந்த கிடா கருத்த முதுகும் வெள்ளை வயிறும் முறுக்கிய கொம்புமாக வெட்டவெளியில் நிற்கும். அடர்ந்த காடு அதற்கு ஆகாது. கண்ணுக்கெட்டிய வரை தெரிகிற புல்வெளி வேண்டும், ஏனென்றால் அதன் காவல் கண்ணும் காலும்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும். தமிழ்நாட்டில் கோடியக்கரை, கிண்டி, மோயாற்றுப் பக்கம் என்று சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்துக்கொண்டு நாம் எதற்கெல்லாமோ கொடுத்துவிட்டோம். சீமைக்கருவேலம் புகுந்து மீதியை அடைத்தது.

குட்டி போட்டதும் தாய் அதைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு விலகி மேயப் போகும். குட்டி அசையாமல் கிடக்கும். அனாதையாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு அதைத் தூக்குகிறவர் அதைக் கொன்றுவிடுகிறார். தாய் பக்கத்தில்தான் இருக்கிறது; நீங்கள் போனால் வரும். ஆள்காட்டிக் குருவி முட்டை வெறும் சரளையில், கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் கிடக்கும். உங்கள் தலைக்குமேல் அது கத்திக்கொண்டே சுற்றினால் நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வந்த வழியே திரும்புங்கள். தடத்தை விட்டு விலகாதே என்ற விதி எங்கும் உள்ளது; அது மட்டும் போதாத இடமும் உண்டு. பறவைகள் முட்டையிடும் பருவத்தில் நடைபாதையையே மூடிவிடுவது அமெரிக்காவின் பல வனவிலங்குப் புகலிடங்களில் வழக்கம். முட்டை தடத்திலேயே கிடக்கும்போது ஆளை நிறுத்துவதுதான் வழி.

கோடையில் ஒரு மான் ஓடுவதற்கு விலை இருக்கிறது. தண்ணீர் இல்லாத மாதத்தில் ஒவ்வொரு ஓட்டமும் அதன் உடம்பிலிருந்து நீரை எடுக்கும். மேய்கிற மான் தலை தூக்கிப் பார்த்தால் நீங்கள் போதுமான அளவு அருகில் வந்துவிட்டீர்கள். இன்னும் நெருங்கி, அது துள்ளி ஓடுவதை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சட்டமும் அதை விளையாட்டாகப் பார்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் விலங்கை விரட்டுவதும் இருக்கிறது, பறவை முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் இருக்கிறது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். முள்ளுக்காட்டில் எதிர்ப்படும் நட்சத்திர ஆமையும் உடும்பும் அதே அட்டவணையில்தான். ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதிர்ஷ்டம் என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்துப் போகிறவர் சிறைக்கு வழி தேடிக்கொள்கிறார்.

நாயைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. பழகிய நாயாக இருந்தாலும் முயலைக் கண்டால், மான்குட்டியைக் கண்டால் அதற்குள் இருக்கிற வேட்டை எழுந்துவிடும். தின்பண்டத்தின் மிச்சத்தைப் போட்டுவிட்டு வருவதும் நாயைக் கூட்டிப்போவதற்குச் சமம். அந்த வாசனைக்கு ஊர் நாய்கள் உள்ளே வரும், வந்தவை மானைத் துரத்தப் பழகும்.

சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பொதுமக்கள் இஷ்டம்போல் நுழைவதைத் தடுக்கிறது, 28-ஆம் பிரிவு சுற்றுலாவுக்கும் படமெடுக்கவும் ஆய்வுக்கும் அனுமதி தருகிறது. அந்த அனுமதி ஒரு சீட்டு மட்டும் இல்லை. இத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள், இன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருப்பதே காட்டில் ஒருவருக்குக் கிடைக்கிற பெரிய காப்பு. குருமலை போன்ற காப்புக்காட்டுக்கும் வனத்துறையிடம் கேட்டுவிட்டே போக வேண்டும். வீட்டில் ஒருவரிடமும் பாதையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மலைக்குப் பின்பக்கம் செல்போன் எடுக்காமல் போகலாம்.

மேற்கே போகிறவர்களுக்கு

கோவில்பட்டியிலிருந்து சதுரகிரிக்கும் செண்பகத்தோப்புக்கும் போகிறவர்கள் ஏராளம். அவை 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகப் பகுதியில் இருக்கின்றன. அங்கே யானை, கரடி, காட்டுமாடு உண்டு. தண்ணீரும் உண்டு, அந்தத் தண்ணீர்தான் எமன். 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். நிற்கிற இடத்தில் மழையே இல்லாமல் மேலே பெய்த மழை இறங்கிவரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்துவந்தாலோ, இரைச்சல் மாறினாலோ கரையேறிவிட வேண்டும். கரிசல்காரருக்கு ஓடும் தண்ணீரைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். அந்த ஆசை நியாயமானது, ஆனால் மழை மாதத்தில் அடக்கிக்கொள்ள வேண்டியது.

ஒரு கோரிக்கை

40 பாதைகள் திட்டத்தின் நல்ல அம்சம், அது பழங்குடியினரையும் வன ஓரத்து ஊர்க்காரர்களையும் வழிகாட்டிகளாக்கியது. முள்ளுக்காட்டுக்கு அதே திட்டத்தை நீட்டிப்பதில் என்ன தடை? வல்லநாட்டில் அடிவாரத்தோடு சுற்றிவரும் ஒரு சின்னப் பாதை போதும். உச்சிக்கு ஏற வேண்டியதில்லை, வெளிமான் உச்சியில் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற அளவு வேண்டும். பங்குனி, சித்திரையில் மூடிவிட வேண்டும். வனத்துறை கோடையில் விலங்குகளுக்குத் தண்ணீர் நிரப்புகிற தொட்டிகள் பக்கம் பாதை போகவே கூடாது.

வழிகாட்டிகளைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். சுற்றியுள்ள ஊர்களில் ஆடு மேய்த்து வளர்ந்த ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். எந்தக் கல்லடியில் சுருட்டை படுக்கும், எந்தக் கிணற்று வாயை முள் மூடியிருக்கிறது, மான் எந்த நேரம் எந்தச் சரிவுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். முதலுதவிப் பயிற்சி, தீயணைப்புப் பயிற்சி, ஒரு வாக்கிடாக்கி, கௌரவமான நாட்கூலி கொடுத்தால் போதும். பயிரைத் தின்கிற மானால் நட்டம் மட்டுமே கண்ட ஊர்களுக்கு அந்த மானால் முதல்முறையாக ஒரு வருமானமும் வரும். குருமலை அடிவாரத்தில் இதைச் சொன்னால் மறுப்பார் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் தடம் ஒதுக்கி, கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டி, வாயிலில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தமிழில் ஒரு தெளிவான பலகையும் வைத்துவிட்டால், வருகிற மார்கழியிலேயே பள்ளிப் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது அழைத்துப்போகலாம். மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம் இது. பெரிய பணம் தேவைப்படுவது அல்ல.